பத்தரைமாத்து டிரைவரும் பதினாலு நோட்டீசும்

உலகத்தில் தப்பு செய்கிறவர்கள் ஒரு வகை, தப்பு செய்துவிட்டு வருந்துகிறவர்கள் இன்னொரு வகை என்று இதுவரை நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அதில் ஓர் இனம் விடுபட்டிருக்கிறது. பிறந்த நாளிலிருந்து இன்றைய தேதிவரை ஒரு தப்புகூடச் செய்யாதவர்களின் இனம் அது. இந்த இனம் அருகி வருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்கு ஒருவர் நிச்சயம். சில வீடுகளில் எல்லோருமே.

இவர்களைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இவர்கள் இருக்கும் இடத்தில் பொருள்களுக்கெல்லாம் உயிர் வந்துவிடும். பால் தானாகப் பொங்கி வழியும், சாவி தானாகப் போய் ஒளிந்துகொள்ளும், கண்ணாடித் தம்ளர் மேசை விளிம்புவரை நடந்து வந்து கீழே குதிக்கும். இவர்கள் தாமதமாக வந்தால் கடிகாரத்துக்கு உடம்பு சரியில்லை. பரீட்சையில் தோற்றால் கேள்வித்தாள் சரியில்லை. கல்யாணத்துக்கு வழி தவறி அடுத்த தெருக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தால், இரண்டு வீட்டார் ஒரே நாளில் முகூர்த்தம் வைத்தது சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இவர்களிடம் பழமொழி சொல்லிப் பாருங்கள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கும், பாவம், அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை என்பார்கள்.

பெரும்பாலான தொழில்களில் இந்த இனம் நிம்மதியாக வாழ்ந்து ஓய்வு பெற்றுவிடும். யாரும் எழுதிக் கேட்பதில்லையே. லாரி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை கிடையாது. வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போனால் ஒரு விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் தாண்டிப் பதினான்காவது கேள்வியில் வந்து நிற்கிறது வில்லங்கம்: 'இதுவரை நீங்கள் செய்த போக்குவரத்து விதிமீறல்கள், விபத்துகள் அனைத்தையும் எழுதவும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.'

நம்முடைய ஆள் இந்தக் கேள்வியைப் படித்தபோது முதலில் வந்தது கோபம். தனித்தாளா? யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்?

அவரைச் சக ஓட்டுநர்கள் 'பத்தரைமாத்து' என்று கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டியும் லைசன்ஸில் ஒரு கரும்புள்ளி கிடையாது. மாற்றுக் குறையாத தங்கம் என்று அர்த்தம். கூப்பிட்டவர்கள் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார். லைசன்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நேரம் என்ன என்று கேட்டால்கூட, நேரத்தைச் சொல்லிவிட்டு லைசன்ஸை எடுத்துக் காட்டுவார்.

பதினொரு வருடத்தில் அவர் வண்டி எதிலும் மோதவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வண்டி மோதவில்லை. மற்றவைதான் வந்து மோதின. டோல்கேட் கம்பி ஒன்று அவசரப்பட்டு இறங்கியது. விளக்குக் கம்பம் ஒன்று, நேற்றுவரை ஓரமாக நின்றது, ரோட்டுக்குள் வந்து நின்றது. ஒருமுறை எடைமேடைக்குப் பக்கத்திலிருந்த காவல் அறையின் சுவர் பாதி சரிந்துவிட்டது. உள்ளே இருந்த காவலாளி செங்கல் தூசியோடு வெளியே ஓடிவந்து, யாருய்யா இடிச்சது என்று கேட்டார். நம்மவர் நிதானமாக இறங்கி வந்து, சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, உடைந்த இடத்தில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து விரலில் நசுக்கி, "இதுல மணல் அதிகம்" என்றார். காவலாளி பத்து நிமிடம் கழித்துக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காவலாளியைச் சமாளிக்கலாம், கேமராவை எப்படிச் சமாளிப்பது? அதற்கும் ஒரு வழி இருந்தது. நெடுஞ்சாலைக் கேமராக்கள் வண்டியின் பின்பக்கத்தைத்தான் படம் எடுக்கும். நோட்டீஸ் வண்டி முதலாளிக்குப் போகும். 'அன்று வண்டியை ஓட்டியவர் யார்? பெயர், லைசன்ஸ் எண், கையெழுத்து' என்று அதில் மூன்று கோடுகள் இருக்கும். முதலாளி அதைப் பத்தரைமாத்திடம் கொடுத்துவிடுவார். மூன்று கோட்டில் யார் பெயர் ஏறினாலும் முதலாளிக்கு ஒன்றுதான். தாள் திரும்பிப் போனால் சரி.

பத்தரைமாத்துக்கு ஒரு மச்சான் உண்டு. மனைவியின் தம்பி. தையற்காரர். அந்தக் காலத்தில் இவர் கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோது, தனியாகப் போகக் கூச்சப்பட்டுத் துணைக்கு அவரையும் கூட்டிப் போனார். பயிற்சிப் பள்ளிக்காரர் துணைக்கு வந்தவரையும் விடவில்லை. இருவருக்கும் ஒரே நாளில் லைசன்ஸ் கிடைத்தது. இவர் லாரியில் ஏறினார். மச்சான் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தாலே குமட்டுகிற உடம்பு அவருக்கு. அந்த லைசன்ஸ் பீரோவில் சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தால் நம் ஊரில் விடுவார்களா? காலி மனையில் அக்கம்பக்கத்தார் குப்பை கொட்டுவதுபோல நம்மவர் அதில் கொட்ட ஆரம்பித்தார். முதல் நோட்டீஸ் வந்த அன்று தையற்கடைக்குப் போய், "மாப்ள, ஒரு சின்னக் கையெழுத்து" என்றார். மச்சான் வாயில் கவ்வியிருந்த குண்டூசியைக்கூட எடுக்காமல் போட்டுக் கொடுத்தார். அக்கா புருஷன் கேட்டால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இரண்டாவதுக்கும் போட்டார். ஐந்தாவதிலிருந்து பத்தரைமாத்து வாசலில் வந்து நின்றாலே, மச்சான் காலரை வெட்டிக்கொண்டிருந்த கையால் பேனாவைத் தேடுவார்.

இப்படியாக அந்தத் தையற்காரர், கடைவாசலைத் தாண்டாமலேயே, ஒன்பது ஊர்களில் பதினான்கு முறை சட்டத்தை மீறினார். வளைவில் முந்தினார். சிவப்பு விளக்கைத் தாண்டினார். ஒருவழிப் பாதையில் இருபது டன் சிமெண்டோடு எதிரே வந்தார். அவருடைய கல்யாணத்தன்று, மணமேடையில் தாலி கட்டிக்கொண்டிருந்த அதே பதினோரு மணிக்கு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அதிவேகமாகப் போனார் என்று அரசாங்கப் பதிவேடு சொல்கிறது. கையெழுத்துப் போடும்போது தேதியைப் பார்த்து, "அன்னிக்கு எனக்குக் கல்யாணம் மாமா" என்று மட்டும் சொன்னார். அதனாலதான் அவசரமா போயிருக்கேன்னு நினைச்சுக்குவாங்க என்று பத்தரைமாத்து ஆறுதல் சொன்னார்.

காலம் இப்படியே போயிருக்கும். முதலாளிக்கு வயதாகி லாரிகளை விற்றுவிட்டார். பத்தரைமாத்து வீட்டில் உட்கார்ந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம். ஸ்டியரிங் பிடித்த கைக்கு வேறு எதுவும் பிடிக்கத் தெரியவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கால் கிளட்சைத் தேடியது. மனைவி பின்னால் வந்து நின்றால், கழுத்தைத் திருப்பாமல் சுவரில் மாட்டிய கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸில் போனால் டிரைவரோடு சேர்ந்து இவரும் பிரேக் போட்டு, முன்சீட்டுக்காரரிடம் வசை வாங்கினார். சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் மனுஷன் உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தார். தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் அது தெருமுனை திரும்பும்வரை அவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவதை மனைவி கவனித்திருந்தார்.

அப்போதுதான் பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. இருபத்திரண்டு சக்கரம், ஏசி கேபின், ஞாயிற்றுக்கிழமை லீவு. இந்த வேலை கிடைக்காவிட்டால் இந்த வயதில் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். சட்டையை மச்சானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

கம்பெனி வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்து, பதின்மூன்றாவது கேள்விவரை கடகடவென்று எழுதிவிட்டு, பதினான்கில் வந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மோதினதைத்தான் எழுதணுமா, உரசினதையும் எழுதணுமா என்று ஒருவருக்குச் சந்தேகம். நாய் குறுக்கே வந்தது நம்ம பேர்ல வருமா, நாய் பேர்ல வருமா என்று இன்னொருவருக்கு. பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் யாரையும் கேட்காமல் மூன்று வரி எழுதினார்: அதிவேகம், அதிவேகம், ரிவர்ஸில் கேட்டை இடித்தேன். எட்டிப் பார்த்த எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். பத்தரைமாத்து வருத்தப்பட்டதோடு நிற்காமல், கேட் பழசா இருந்ததா என்று கேட்டு உதவவும் முயன்றார். இல்ல, புதுசு, நான்தான் பாக்கல என்றார் அந்த மனிதர். பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு, நம்மவர் பதினான்காவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

பழுப்புச் சட்டை உள்ளே போய் ஏழு நிமிடத்தில் வேலையோடு வெளியே வந்தார்.

நம்மவர் உள்ளே போனார். பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். சுவரில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கிய பம்பர் ஒன்று தொங்கியது. வளைந்த ஸ்டியரிங் ஒன்றில் அவருடைய கைப்பை மாட்டியிருந்தது. விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பழைய முதலாளி கொடுத்த அனுபவக் கடிதத்தைப் படித்தார். பதினொரு வருடம், ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். நம்மவர் லைசன்ஸ் உறையை மேசையில் எடுத்து வைத்தார்.

அதிகாரி அதைத் தொடவில்லை. அந்த அம்மாவின் வேலைமுறை வேறு. ஆளுடைய லைசன்ஸை அவர் பார்ப்பதே இல்லை. ஓட்டிய வண்டியின் நம்பரைப் போட்டு அந்த வண்டியின் சரித்திரத்தைத்தான் வரவழைப்பார். இழுப்பறையிலிருந்து அதை எடுத்து விரித்தார். பதினான்கு நோட்டீஸ். பதினான்கிலும் ஒரே பெயர், ஒரே கையெழுத்து. அந்தப் பெயர் இவருடையது இல்லை.

"இவரு யாரு?"

"என் மச்சான்ங்க."

"பதினொரு வருஷத்துல இந்த வண்டி பதினாலு தடவை கேமராவுல விழுந்திருக்கு. பதினாலு தடவையும் உங்க மச்சான்தான் ஓட்டியிருக்காரு. அப்ப நீங்க எப்ப ஓட்டினீங்க?"

பத்தரைமாத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓட்டினது நான்தான் என்றால் பதினான்கு தப்பும் வந்து தலையில் உட்காரும். ஓட்டினது மச்சான் என்றால் பதினொரு வருட அனுபவமும் மச்சானுடையது. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும். அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. பதினொரு வருஷத்துக்குப் பதினாலு ஒண்ணும் பெரிசில்ல, எங்க ஆளுங்க சராசரியே அவ்வளவுதான், உள்ளதைச் சொன்னா மேற்கொண்டு பேசலாம் என்று கதவையும் திறந்து வைத்தார். ஒரே ஒரு வாக்கியம். நாலு மாதமாக ராத்திரி பகலாக எதற்கு ஏங்கினாரோ அந்தச் சாவி அந்த வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் தொங்கியது.

நம் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? சட்டைப்பையைத் தடவி, லைசன்ஸ் மேசையில் இருப்பது ஞாபகம் வந்து, அதை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, "மச்சான்தாங்க ஓட்டினான்" என்றார்.

சரி, அப்படீன்னா அவரைத் திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க என்றார் அதிகாரி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பதினாலு நோட்டீஸ், பதினாலு கையெழுத்து, ஒரு மறுப்புகூட இல்லை. இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு நேர்மையான ஓட்டுநரை நான் பார்த்ததில்லை, அவருக்குத்தான் இந்த வேலை என்றார்.

வீட்டுக்கு வந்து, வேலை கிடைக்கவில்லை, அந்த அம்மா சரியில்லை என்று நம்மவர் அறிக்கை வாசித்தார். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலாவது கேள்வியில் உண்மை முழுவதும் வெளியே வந்துவிட்டது. தம்பிக்கு லாரி வேலை என்றதும் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு பார்த்தபோது சிரிப்பு போயிருந்தது.

"அவன் ஸ்கூட்டர் ஏன் ரெண்டு வருஷமா கடைவாசல்லயே நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பேட்டரி போயிருக்கும் என்றார் இவர்.

"லைசன்ஸ் போச்சு. உங்க தப்பெல்லாம் சேர்ந்து அவன் லைசன்ஸைப் பிடுங்கிட்டாங்க. தைச்ச துணியை மூட்டை கட்டித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ல போய்க் குடுத்துட்டு வர்றான். பஸ்ல ஏறினா அவனுக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"அவன் என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா? உங்க பேரு வெள்ளையா இருக்கணும்னு என் தம்பி பேரைக் கைத்துணி ஆக்கிட்டீங்க."

பத்தரைமாத்துக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ஸ்கூட்டரைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் கடைக்குள் போயிருக்கிறார். அதன் கைப்பிடியில் இரண்டு ஹேங்கர் தொங்கும், மச்சான் அதைத் துணி மாட்டுகிற சாதனமாக வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தார். ஆனாலும் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கூடவே தோன்றியது. இந்த இனம் வெட்கப்படும்போதுகூட, யார் தப்பு என்று ஒருமுறை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத்தான் வெட்கப்படும்.

திங்கட்கிழமை மச்சான் கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு மாமாவோடு பஸ்ஸில் வந்தார். எதற்கு வருகிறோம் என்று பாதிதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்ததும் மேசையில் விரிந்திருந்த நோட்டீஸ்களைப் பார்த்தார். தெரிந்த முகங்களைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எங்கேம்மா போடணும்?" என்றார்.

கையெழுத்து வேண்டாம், வண்டியை எடுங்கள் என்று இருவரையும் யார்டுக்குக் கூட்டிப் போனார் அந்த அம்மா. இருபத்திரண்டு சக்கர வண்டி, கழுவித் துடைத்து நின்றது. சக்கரமே மச்சானின் மார்பளவு இருந்தது. பத்தரைமாத்தின் கை தன்னையறியாமல் கதவைத் தடவியது. அதிகாரி சாவியை மச்சானிடம் கொடுத்தார். மச்சான் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். சரி, இதுவும் ஏதோ கையெழுத்துப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டு மச்சான் ஏணியில் ஏறினார்.

மேலே உட்கார்ந்ததும் அவர் முதலில் கவனித்தது சீட்டு உறையில் தையல் பிரிந்திருப்பதை. ஜன்னல் வழியாக எட்டி அதைச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம், ஸ்டார்ட் பண்ணுங்க என்றார் அதிகாரி. சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது, கேபின் குலுங்கியது, மச்சானின் முகம் வெளுத்தது. இரண்டு காலும் தையல் மெஷின் மிதியைத் தேடின. எதிரே முப்பதடி தூரத்தில் டீசல் பம்ப்.

"எடுங்க" என்றார் அதிகாரி.

பத்தரைமாத்துக்கு அப்போதுதான் பயம் வந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன். பதினாலு முறை எடுக்காதவன் இன்று நிஜமாகவே எடுத்துவிடுவான். பிளாஸ்டிக் பையை வாயருகே கொண்டுபோய்க்கொண்டே மச்சானின் மறுகை கியரைப் பிடித்ததை இவர் பார்த்தார்.

"நிறுத்துங்க. அவனுக்கு ஓட்டத் தெரியாது."

"அப்ப பதினொரு வருஷம் ஓட்டினது யாரு?"

"வண்டி என்கிட்டதாங்க இருந்துச்சு."

"உங்ககிட்ட இருந்தா அதுவா ஓடிடுமா?"

"சீட்ல நான் இருந்தேன்."

"சீட்ல இருந்து என்ன பண்ணீங்க?"

"ஓட்..." மேலே மச்சான் கிளட்ச் என்று நினைத்து எதையோ மிதித்தார். வண்டி ஒருமுறை துள்ளியது. "ஓட்டினேன்."

"யாரு?"

"நான்."

"சேர்த்துச் சொல்லுங்க."

"நான்தான் ஓட்டினேன். பதினாலும் நான்தான். அவனை இறக்குங்க." சொல்லும்போது நம்மவர் அழுதுவிட்டார். தப்பில்லாத பதினொரு வருடம் போனதற்கு அழுதாரா, மேலே அந்த அப்பாவி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அழுதாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து இருக்கும்.

அதிகாரி குனிந்து, எல்லாச் சக்கரத்துக்கும் முன்னால் வைத்திருந்த தடுப்புக் கட்டைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மச்சானை இறக்கிவிட்டு, பத்தரைமாத்தை அறைக்குக் கூட்டிப் போய்த் தனித்தாள் கொடுத்தார். சாயங்காலம்வரை எழுதினார். ஒவ்வொரு விபத்தையும் அவர் மழையிலிருந்தும், மாலை நேரத்து வெயில் கண்ணில் அடித்ததிலிருந்தும், முன்னால் போன காரின் குணத்திலிருந்தும் ஆரம்பித்தார். அந்த அம்மா சிவப்பு மையால் மழையை அடித்தார், வெயிலை அடித்தார், காரை அடித்தார். கடைசியில் ஒவ்வொன்றிலும் இரண்டே சொல் மிஞ்சியது: ஓட்டினேன், மோதினேன். காவல் அறைச் சுவர் பற்றி எழுதியபோது மணலைப் பற்றிய ஒரு வரியையாவது விட்டுவைக்கும்படி கெஞ்சிப் பார்த்தார். விடவில்லை.

தாள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனது. பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு மச்சானுக்கு எச்சரிக்கை. போட வைத்ததற்கு இவருக்கு ஆறு மாதம் லைசன்ஸ் முடக்கம். ஆறு மாதம் கழித்து வாங்க, உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார் அதிகாரி. மச்சானின் லைசன்ஸ் திரும்பி வந்தது. அவர் ஸ்கூட்டரிலிருந்து ஹேங்கர்களை எடுத்துவிட்டுத் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தார். அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

ஆறு மாதம் சும்மா இருக்க முடியுமா? பத்தரைமாத்து மச்சான் கடையிலேயே உட்கார்ந்து பொத்தான் தைத்தார். நல்ல மாற்றம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் பேசினார். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், தப்பை ஒத்துக்கொள்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு, நான் பதினாலை ஒத்துக்கிட்டவன் என்று, வெற்று உறையைக் காட்டிச் சொன்னார்.

ஒருநாள் காலை ஒரு வாத்தியார் கடைக்கு வந்தார். கையில் புதுச் சட்டை. விரித்துக் காட்டினார். முன்பக்கம் இரண்டு பட்டையிலும் வரிசையாகப் பொத்தான். பொத்தான் நுழையக் காஜா ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூட விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு, இதை யாரு தைச்சது என்று கேட்டார். பத்தரைமாத்து சட்டையைப் பார்த்தார், நூல்கண்டைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார். அந்த வாக்கியம் தெரியாதவரா அவர்? தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மச்சான், பதினொரு வருடப் பழக்கத்தில், "நான்தாங்க சார். குடுங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

வாத்தியாருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்டவருக்குக் கிடைத்த பிறகு இன்னொருவர் எதற்குக் குறுக்கே பேச வேண்டும்? பத்தரைமாத்து ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தார்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். சும்மா ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அட, அப்படியே அவரேதான் என்று உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததே, உங்கள் மேலதிகாரியோ, மாமனாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, இவருக்கு இதை உடனே அனுப்பிவைக்க வேண்டும் என்றுகூட நினைத்தீர்களே. அந்த முகம் ஏன் உங்களுடையதாக இல்லை?